நைனாவின் விறகும் ரெஜினா அத்தையின் குடையும்

முதலில் ஒரே ஒரு கட்டைதான் விழுந்தது. 'டொக்' என்று ஒரு சத்தம். நான் ஹாலில் காபி டம்ளர்களைப் பொறுக்கி ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டிருந்தேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன்.

இரண்டாவது கட்டை விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. அப்புறம் எண்ணுவதற்கு அவகாசம் இல்லை. ராயபுரம் யார்டில் கூட்ஸ் வண்டியின் பெட்டிகளைக் கோக்கும்போது ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கடைசிப் பெட்டி வரைக்கும் ஒரு சத்தம் ஓடும். அந்தச் சத்தம் எங்கள் வீட்டு நடைக்குள்ளேயே ஓடியது.

ஒரே புழுதி. சவுக்குப் பட்டையின் கார வாசனை மூக்கில் ஏறியது. அந்தப் புழுதிக்குள்ளிருந்து ஓர் ஆள் பின்பக்கமாகவே தாவி வந்து, என் காலடியில் தொப்பென்று உட்கார்ந்தார். அவர் கையில் குடையின் கைப்பிடி மட்டும் இருந்தது. குடை இல்லை.

வேறு யாருமில்லை. சற்று முன்பு வரை என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பெண் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் எழுந்து போனாரே, அந்த மாப்பிள்ளைதான்.

வாசலுக்கும் எங்களுக்கும் நடுவில், தரையிலிருந்து என் நெஞ்சு உயரத்துக்கும் மேலே, விறகு.

வீட்டுக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். மற்ற எல்லோரும் தெருவில்.

இது எப்படி நேர்ந்தது என்று சொல்ல வேண்டுமானால் நைனாவிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் வீட்டில் எந்த வம்பும் நைனாவிடமிருந்துதான் தொடங்கும்.

கேரம் போர்டு வெந்த கதை

எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். பெயர் அந்தோணி. ஹார்பரில் மேஸ்திரி. கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி மூட்டையும் பெட்டியும் அடுக்குகிற கும்பலுக்கு அவர்தான் தலைவர். "கடல்ல கப்பல் எப்டி ஆடினாலும் நான் வச்ச மூட்டை வச்ச எடத்துல இருக்கும்" என்பார். இருந்தும் இருந்தது.

சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணத்தில் பாதிப்பேர் மூட்டை கட்டினார்கள். எங்களுக்குப் போக ஊர் இல்லை, நைனாவுக்கு வேலையும் இங்கேதான். இருந்துவிட்டோம். குண்டு பெரிதாக எதுவும் செய்யவில்லை. விறகுப் பஞ்சம்தான் எங்களை வாட்டியது.

சென்னையில் விறகுக் கடைக்குத் தொட்டி என்று பெயர். வடக்கேயிருந்து கால்வாய் வழியாகப் படகில் சவுக்குக் கட்டை வரும், தொட்டிக்குப் போகும், அங்கிருந்து வீடுகளுக்கு வரும். சண்டையில் படகு குறைந்தது. கையில் ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு தொட்டி வாசலில் வரிசையில் நிற்போம். எங்கள் முறை வரும்போது ஈரக் கட்டையும் மன்னிப்பும்தான் மிச்சம் இருக்கும்.

அம்மா முதலில் கோழிக் கூட்டை உடைத்து எரித்தாள். அப்புறம் அலமாரிக் கதவு. அப்புறம் கட்டிலின் நான்கு கால்கள். கட்டில் தரையோடு தரையாக இறங்கியது. எல்லாவற்றையும் நைனா பொறுத்துக்கொண்டார். ஒரு திருநாள் அன்று உலை கொதிக்கப் போகிற நேரத்தில் அடுப்பு அணைந்தது. அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். சுவரில் சாய்த்திருந்த நைனாவின் கேரம் போர்டு கண்ணில் பட்டது.

அந்த போர்டில் அவர் தெருவிலுள்ள அத்தனை பேரையும் ஜெயித்திருந்தார். அன்றைக்கு இலையில் உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் வைத்தவர், அப்படியே நிறுத்தினார்.

"சோறு இன்னா வழவழன்னு எறங்குது?" என்றார்.

"துன்னுங்க" என்றாள் அம்மா.

அவர் சாப்பிட்டார். எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்து, மாதா படத்துக்கு முன்னால் நின்று, "இனிமே இந்த வூட்ல அடுப்பு கட்டையத் தேடக் கூடாது. கட்டைதான் அடுப்பைத் தேடிக்கினு நிக்கணும்" என்று சபதம் செய்தார்.

கப்பலாகிவிட்ட வீடு

சண்டை முடிந்து, கார்டும் போய், விறகு தாராளமாக வர ஆரம்பித்ததும் அந்தச் சபதம் எங்களைப் பிடித்துக்கொண்டது.

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. தெருக் கதவைத் திறந்தால் குறுகலான ஒரு நடை. அதைத் தாண்டினால் ஹால். ஹாலுக்குப் பின்னால் சமையல்கட்டு. அதற்கும் பின்னால் ஒரு கிடங்கின் உயரமான மதில், மேலே கண்ணாடிச் சில். வீட்டுக்கு ஒரே வாசல்தான். தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல் இருந்தது. இருந்தது என்று ஏன் சொல்கிறேன் என்றால், சீக்கிரமே அதன் முன்னால் விறகு வந்துவிட்டது.

கட்டிலுக்கு அடியில் விறகு. (கால் புதிதாக வைத்ததே அதற்காகத்தான்.) பரணில் விறகு. தையல் மெஷினுக்குக் கீழே சின்னதாக வெட்டிய விறகு. மாதா படத்துக்கு இரண்டு பக்கமும் தூண் மாதிரி விறகு. எங்கள் வீட்டில் மாதா தோப்புக்குள் நிற்கிற மாதிரி இருப்பார்.

சும்மா சொல்லக் கூடாது, அடுக்குவதை ஒரு வழிபாடு மாதிரிதான் செய்வார். அடியில் செங்கல், அதன்மேல் பலகை. அப்போதுதான் செல்லு அரிக்காது. பருமனான கட்டை கீழே, மெலிந்தது மேலே. இரண்டு கோடியிலும் ஒரு வரிசை நெடுக்கு, ஒரு வரிசை குறுக்கு என்று மாற்றி மாற்றி வைத்துத் தூண் கட்டுவார். அந்த இரண்டு தூண்களுக்கு நடுவில்தான் மற்றதெல்லாம் படுக்கும். "கோடி நின்னா நடு நிக்கும்" என்பார். எந்தக் கட்டையும் சுவரைத் தொடக் கூடாது, சுவர் ஈரம் குடிக்கும். வாங்கும்போது இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். 'டங்' என்றால் காய்ந்தது. 'தொப்' என்றால் திருப்பி அனுப்பிவிடுவார். சந்தேகமாக இருந்தால் வெட்டு முகத்தை நாக்கால் தொட்டும் பார்ப்பார்.

தெரு முனையில் தொட்டி வைத்திருந்த காதர் பாய் அவருடைய தோஸ்து. "அல்லா புண்ணியத்துல நானும் இருவது வருசமா கட்டை விக்கிறேன் அந்தோணி. கட்டைய நக்கிப் பாத்து வாங்கின ஆளு நீ ஒருத்தன்தான்" என்பார்.

நான் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் புடைவையிலிருந்து சவுக்குப் பட்டையைத் தட்டிவிட்டுத்தான் கிளம்புவேன். அப்படியும் ஒரு நாள் போர்டில் எழுதத் திரும்பியபோது என் பின்னலிலிருந்து கட்டெறும்பு ஒன்று ஊர்ந்து வர, நாற்பது பிள்ளைகளும் எழுந்து நின்று கத்தினார்கள்.

வண்டி வந்த நாள்

எனக்கு இருபத்து நாலு வயது. அந்தக் காலத்தில் அது சும்மா விடுகிற வயது இல்லை. ஏற்கெனவே மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். முதலில் வந்தவர்கள் நிறம் கம்மி என்றார்கள். அடுத்தவர்கள் படிப்பு ஜாஸ்தி என்றார்கள். மூன்றாவதாக வந்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் போன வழியையே அம்மா பல மாதம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது நாலாவது. மாப்பிள்ளை பெயர் சவரிமுத்து. திருவொற்றியூரில் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. செய்தி தெருவில் பரவியதும் காதர் பாய்தான் முதலில் சிரித்தார்: "வூடு பூரா விறகு, மாப்ள தீப்பெட்டி! அந்தோணி, வாசல்ல ரெண்டு வாளி தண்ணி வச்சிரு."

அவர்கள் வருவதாகச் சொன்னது மூன்று மணிக்கு. காலை பத்து மணிக்கு வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. வண்டி நிறையச் சவுக்கு.

அம்மா இடுப்பில் கை வைத்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "இன்னிக்கா? இன்னிக்கா இது?"

"படகுல வந்த சரக்கு, டங்கு டங்குன்னு கீது. மேல பாரு, மழை எறங்கப் போவுது. தெருவுல போட்டா நனைஞ்சி பூடும்."

"பொண்ணு பாக்க வராங்க!"

"வரட்டும். நான் இன்னா பொண்ணு மேலயா அடுக்கப் போறேன்?"

நடையில் அடுக்கினார். நேரம் இல்லை. ஒரு கண் வானத்திலும் ஒரு கண் அம்மாவிடமும் இருந்தது. வாழ்நாளில் முதல் முறையாகக் கோடித் தூணைச் சரியாகக் கட்டாமல், கூரை வரைக்கும் ஏற்றிவிட்டார். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தவர் முகத்தில் திருப்தி இல்லை. "நாளிக்கிப் பிரிச்சி அடுக்கணும்" என்று முணுமுணுத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அம்மா பீரோவிலிருந்து பூப்போட்ட பெட்ஷீட்டை எடுத்து வந்தாள். தன் கல்யாணத்துக்கு வந்த ஷீட். அதுவரை யாரும் அதில் படுத்ததில்லை. அதை விரித்து அடுக்கின்மேல் மேலிருந்து கீழ்வரை தொங்கவிட்டாள். தள்ளி நின்று பார்த்தால் திரை போட்ட சுவர் மாதிரிதான் இருந்தது.

சுவரில் ஓர் ஆணி

மாப்பிள்ளையின் அப்பாவோடு பிறந்த ரெஜினா அத்தைதான் முன்னால் வந்தார். தாய் இல்லாத பிள்ளையை அவர்தான் வளர்த்தாராம். நல்ல உயரம், வெண்கலத் தொண்டை. அவர் பின்னால் வயதான உறவுக்காரர் இரண்டு பேர். கடைசியில் மாப்பிள்ளை.

நடைக்குள் நுழைந்ததும் அத்தை பெட்ஷீட்டைப் பார்த்தார்.

"ஏம்மா, சொவுரு இன்னா புடைச்சிக்கினு கீது?"

"பழைய வூடுக்கா" என்றாள் அம்மா.

ஷீட்டுக்கு அடியில் ஒரு கட்டையின் முனை கொஞ்சம் துருத்திக்கொண்டு நின்றது. அத்தை அதை ஆணி என்று நினைத்துத் தன் குடையை மாட்டினார். நான் பார்த்தேன், அம்மா பார்த்தாள், நைனாவும் பார்த்தார். அது ஆணி இல்லை என்று சொன்னால், அப்புறம் என்ன என்றும் சொல்ல வேண்டுமே?

ஹாலில் பேச்சு முழுவதும் அத்தையுடையதுதான். தம்பிக்கு எத்தனை மணிக்கு வேலை, தம்பிக்கு என்ன குழம்பு பிடிக்கும், தம்பி எந்த வாரமும் பூசையைத் தவறவிட்டதில்லை. நைனா மாப்பிள்ளையைப் பார்த்து, "கம்பெனில இன்னா மரம் தம்பி வருது?" என்று ஆவலாகக் கேட்டார். விறகுக்காரருக்கு மரக்காரர் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. மாப்பிள்ளை வாயைத் திறந்தார். அதற்குள் அத்தை, "அதெல்லாம் மலையிலேர்ந்து வருது" என்றார்.

என்னைக் கூப்பிட்டார்கள். காபி கொண்டுபோனேன். மாப்பிள்ளை தலையை ஆட்டி எடுத்துக்கொண்டார். ஒரு பேச்சும் இல்லை. ரொம்ப கர்வம்போல, என்று எனக்குள் எரிந்தது. நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அத்தை டம்ளரைக் கீழே வைத்தார். "ஒண்ணு சொல்லிர்றேன். கல்யாணத்துக்கு அப்பால வேலைக்கெல்லாம் போவக் கூடாது. எங்க வூட்ல அந்தப் பழக்கம் இல்ல."

நான் நிமிர்ந்தேன். என்னை யாரும் பார்க்கவில்லை. "வுட்டுடுவாக்கா. அதுக்கு இன்னா?" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். நாற்பது பிள்ளைகளையும் ஒரு டம்ளர் காபியோடு சேர்த்துத் தட்டில் வைத்துக் கொடுத்தாயிற்று.

வெற்றிலையை அப்போதே மாற்றவில்லை. "சொல்லி அனுப்புறோம்" என்று அத்தை எழுந்தார். அந்த வார்த்தை அம்மாவுக்குப் பழகிய வார்த்தைதான். எல்லோரும் தெருவுக்குப் போனார்கள். நான் டம்ளர்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

வாசலில் நின்று அத்தை சொன்னது கேட்டது: "சவரி, குடை உள்ள மாட்டிக்கினு கீது. எடுத்துக்கினு வா."

அவர் வந்தார். குடை எங்கோ கட்டைகளுக்கு நடுவில் சிக்கியிருந்தது. "குடை வரவில்லை" என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கட்டையைத் தூக்கி எடுத்துக் கொடுத்திருப்பேன். சொல்லவில்லை. தானே இழுத்தார்.

மீதியைத்தான் முதலிலேயே சொன்னேன்.

சத்தமா சொல்லு

வெளியே ஒரே கூச்சல். கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு; சரிந்த கட்டைகள் அதைத் தள்ளிச் சாத்திவிட்டு, ஒரு சாண் அளவுக்கு மேல் திறக்கவிடவில்லை. அந்த இடுக்கு வழியாக நைனாவின் ஒரு கண் தெரிந்தது.

"பிலோமீ! அடி பட்டுச்சா?"

"இல்ல நைனா!"

"தம்பிக்கு?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் சட்டையெல்லாம் புழுதி. நெற்றியில் ஒரு சிராய்ப்பு. பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"இ… இ… இ…"

முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கையில் இருந்த குடைக் கைப்பிடியால் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினார். "இ… இல்…"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. காபி வாங்கும்போது பேசாததும், நைனாவின் கேள்விக்கு அத்தை பதில் சொன்னதும், குடையை என்னிடம் கேட்காததும், எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. மனசுக்குள் அவரை என்னென்ன சொல்லித் திட்டினேனோ அதையெல்லாம் நினைத்துக் கூசிப் போனேன்.

நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். எழுத்துக் கூட்டிக் கூட்டி வருகிற வார்த்தைக்காகக் காத்திருந்து பழகியவள். காத்திருந்தேன்.

"…ல்ல" என்று முடித்தார்.

"அவருக்கும் இல்ல நைனா!" என்று கத்தினேன்.

அடுத்து அம்மாவின் குரல். அவளுக்குக் கட்டையைப் பற்றியோ காயத்தைப் பற்றியோ கவலை இல்லை. தெருவே வாசலில் கூடியிருந்தது. கல்யாணம் ஆகாத பெண்ணும் யாரோ ஒரு வாலிபனும் மூடிய வீட்டுக்குள்.

"பிலோமீ! ஜெபமாலை சொல்லு!"

"இன்னாம்மா?"

"ஜெபமாலை! சத்தமா சொல்லு! முன்பாதி அவரு, பின்பாதி நீ! ரெண்டு கொரலும் நிக்காம எனக்குக் கேட்டுக்கினே இருக்கணும்!"

வெளியே அத்தை ஏதோ மறுத்துச் சொல்ல வாயெடுத்தது கேட்டது. பாவம், அவருக்கு என்ன பயம் என்று எனக்கு இப்போது தெரிந்தது. ஆனால் நான் தடுப்பதற்குள் அவர், சவரிமுத்து, சிலுவை போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

ஒரு தடங்கல் இல்லை. கோயிலில் எல்லோரும் சொல்கிற அந்த ராகத்தில், தண்ணீர் ஓடுகிற மாதிரி ஓடியது ஜெபம். நல்ல கனமான குரல். நான் பின்பாதியைச் சொல்ல மறந்து நின்றேன்.

"பிலோமீ! ஒன் கொரலு எங்க?"

சொன்னேன்.

அவர் குனிந்து ஒரு கட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கி ஹாலில் வைத்தேன். வெளியே காதர் பாய் ஆட்களோடு வந்துவிட்டார். அவர்கள் கதவிடுக்கு வழியாக ஒவ்வொன்றாக உருவினார்கள். நாங்கள் உள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்தோம். ஒரு கட்டைக்கு ஒரு ஜெபம்.

பத்துப் பத்தாகச் சொல்கிற ஜெபத்தில் ஒரு பத்து முடிந்தது. இரண்டாவது பத்தில் பாதி வந்திருக்கும். முன்பாதி வழக்கம்போல ராகமாகத்தான் வந்தது. வார்த்தைகள்தான் மாறிவிட்டிருந்தன.

"எனக்குப் பேச்சு திக்கு…ம்ம்… ராகமாச் சொன்னா திக்கா…து… அத்தை அதை மறைச்சிட்டாங்க… நீங்க மன்னிச்சிக்க…ணும்…"

என் கையிலிருந்த கட்டை நழுவிக் கால் விரலில் விழுந்தது. வலியில் வந்த சத்தத்தை அப்படியே இழுத்துப் பின்பாதியின் ராகத்தில் சேர்த்தேன்.

"ஆ…ஆ… அதுக்கு இன்னா இப்…போ… கட்டைய மெதுவாக் குடு…ங்க… கர்வம்னு நெனச்சிட்…டேன்… நீங்க என்னை மன்னிக்க…ணும்… ஆமென்."

"ஆமென்" என்றாள் வெளியே அம்மா. அவளோடு சேர்ந்து தெருவும் சொன்னது. கட்டை உருவுகிற சத்தத்தில் அவர்களுக்கு ராகம் மட்டும்தான் எட்டியிருக்கிறது.

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்! எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"கோடியைச் சரியாக் கட்ட…ல… அடுக்கினது யா…ரு…" என்றார் அடுத்து.

"எங்க நைனா…தான்… அவருகிட்ட சொல்லிடாதீங்…க… உயிரை வுட்டுடுவா…ரு… ஆமென்."

இதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை நான் சுவாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போய், ஜெபத்தில் இப்படி ஒரு விளையாட்டு நடந்ததைச் சொன்னேன். தட்டிக்கு அந்தப் பக்கம் ரொம்ப நேரம் இருமல் வந்துகொண்டிருந்தது. கடைசியில் சுவாமியார், விட்டுப்போன ஜெபங்களையெல்லாம் முழுசாகச் சொல்லிவிடும்படி எனக்கு அபராதம் விதித்தார்.

விறகுச் சுவர் இடுப்பு உயரத்துக்கு இறங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கதவு திறந்துவிடும். அப்புறம் இந்த ராகமும் இருக்காது, இந்தத் தைரியமும் இருக்காது. எனக்கு அது தோன்றியதும் சொல்லிவிட்டேன்.

"வேலைய வுட மாட்…டேன்… எங்கம்மா சொன்னது பொய்…யி… எனக்கு நாப்பது புள்ளைங்க கீ…து… வுடச் சொன்னா இந்தக் கல்யாணம் வேணா…ம்… ஆமென்."

அவர் கையிலிருந்த கட்டையை நீட்டாமல் என்னைப் பார்த்தார். நான் அவர் பதிலுக்காகக் காத்திருந்தேன்.

அவர் குனிந்துகொண்டார். அடுத்த முன்பாதி உண்மையான ஜெபமாகவே வந்தது. அதற்கு அடுத்ததும் அப்படியே வந்தது. கதவு திறக்கும் வரைக்கும் அவர் வேறு ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. நான் பின்பாதி சொல்லிக்கொண்டே கட்டையை வாங்கி வாங்கி வைத்தேன். நாலாவதும் போயிற்று என்று நினைத்தேன்.

தெருவில்

கதவு திறந்ததும் முதலில் உள்ளே வந்தது நைனா. என்னையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. நேரே சரிந்த அடுக்கின் கோடிக்குப் போய் நின்று அதைப் பார்த்தார்.

"கப்பலா இருந்தா இந்நேரம் முழுகிருப்போம்" என்றார்.

"வுடு அந்தோணி, வூடுதானே" என்று காதர் பாய் அவர் தோளில் கை வைத்தார்.

நாங்கள் தெருவுக்கு வந்தோம். தூறல் ஆரம்பித்திருந்தது. அத்தையின் கையில் நைனா பயபக்தியோடு குடையைக் கொடுத்தார். கைப்பிடி இல்லாமல், இரண்டு கம்பி வளைந்து, அது ஒரு செத்த வௌவால் மாதிரி இருந்தது.

அத்தைக்குப் பொறுமை போயிற்று. "வூடா இது? தொட்டி! பெட்ஷீட்டைப் போட்டு மூடி வச்சிக்கினு பழைய வூடாம்! எம் புள்ளை மேல வுழுந்திருந்தா? இது சரிப்படாது. வாடா சவரி, போலாம்."

அம்மா முகம் வெளுத்துப் போய்விட்டது. இரண்டு கையையும் கூப்பினாள்.

உறவுக்காரர்கள் நடக்கத் தொடங்கினார்கள். அத்தையும் இரண்டடி வைத்துத் திரும்பிப் பார்த்தார். சவரிமுத்து நகரவில்லை.

"அ… அ… அவ…"

தெரு மொத்தமும் அப்போதுதான் அவர் பேசுவதைக் கேட்டது. பின்னால் யாரோ குபுக்கென்று சிரித்தார்கள். காதர் பாய் திரும்பி ஒரு முறை முறைத்ததும் அது நின்றது.

"அவனுக்கு இன்னான்னா…" என்று அத்தை வேகமாகக் குறுக்கே வந்தார்.

அவர் கையை உயர்த்தித் தடுத்தார். அத்தை நின்றுவிட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். ராகத்தில் இழுத்துச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். அவர் ராகத்தை எடுக்கவில்லை. எல்லோரும் பேசுகிற பேச்சிலேயே, ஒவ்வொரு எழுத்தாக இழுத்து வெளியே போட்டார்.

"அவங்… அவங்க… வே… வே… வே…"

தூறல் பெரிதானது. யாரும் நகரவில்லை. நைனா ஒரு கட்டையைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். அம்மா கூப்பின கையை இறக்கவில்லை.

"…வேலைக்குப் போ… போவாங்க."

சொல்லி முடித்துவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, முகத்தில் வழிந்த மழைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

அத்தை அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். அன்று மத்தியானம் முழுவதும் அம்மாவிடம்தான் என்னைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போதுதான் என்னிடம் கேட்டார்.

"இன்னாம்மா சொல்றே நீ? சம்மதமா ஒனக்கு?"

"சம்மதம்" என்றேன். எங்கள் பள்ளிக்கூடத்தின் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரலில் சொல்லிவிட்டேன்போல. அம்மா, "மெதுவாடி" என்றாள்.

"அப்பால பேசலாம்!" என்று நைனா கத்தினார். "கட்டை நனையுது! எல்லாரும் ஒரு கை குடுங்கப்பா!"

தெருவில் உருவிப் போட்ட கட்டைகளை எல்லோருமாக உள்ளே கடத்தினோம். காதர் பாய் எடுத்துக் கொடுக்க, அத்தை புடைவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாங்கினார். நானும் அம்மாவும் நடுவில். உள்ளே நைனா ஒரு கோடி, சவரிமுத்து இன்னொரு கோடி. பட்டை மேலே பார்க்க வேண்டுமா, கீழே பார்க்க வேண்டுமா என்று இரண்டு பேருக்கும் அப்போதே வழக்கு ஆரம்பித்துவிட்டது. நைனா ஒருவர்தான் பேசினார். அவர் பேசி முடித்ததும் மாப்பிள்ளை சத்தமில்லாமல் கட்டையைத் திருப்பி வைத்தார்.

வெற்றிலைத் தட்டை மாற்றியபோது விளக்கு வைக்கிற நேரம். அத்தையின் உள்ளங்கையில் சிலாம்பு ஏறியிருந்தது. நல்ல நீளம். நான் ஊசியை எடுத்து வந்து, அவர் கையை என் மடியில் வைத்துக்கொண்டு, விளக்குப் பக்கம் சாய்த்துக் குத்தி எடுக்க ஆரம்பித்தேன்.

வெண்கலத் தொண்டை தாழ்ந்து வந்தது.

"அவன் பேசறப்போ நடுவுல பூந்துடாதே. சின்ன வயசுல யாரும் சிரிச்சிடப் போறாங்களேன்னு நான் பூந்து பூந்து பேசினேன். அப்பால அவன் பேசறதையே வுட்டுட்டான்."

நான் ஊசியை நிறுத்தினேன்.

"வலிக்குதா அத்தை?"

"வலிக்குது. நீ எடு."